ரோஜாவா, கேபிளா? நம்ம வட சென்னைப் பக்கத்தை மாற்றியது எது?

ராயபுரம் ரசிகன்:
தமிழ்ப் பாட்டை ரோஜாவுக்கு முன், ரோஜாவுக்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும். 1992 ஆகஸ்ட் 15-ல் படம் வந்தது. ரகுமானுக்கு முதல் படத்திலேயே தேசிய விருது. அப்போது தண்டையார்பேட்டையில் பாட்டுப் பதிவு செய்து தரும் கேசட் கடைகளில், நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். ஏ பக்கம் இளையராஜா, பி பக்கமும் ராஜா. கடைசியில் ரெண்டு நிமிடம் மிச்சம் இருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்புவார், அதுவும் பாதியில் அறுந்துவிடும். ரோஜா வந்தபின் பட்டியலின் முதல் வரியே மாறிவிட்டது. ஆட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் ஏறியதும் அந்த பேஸ் சத்தத்துக்காகத்தான்.

கொருக்குப்பேட்டை கேபிள்:
அண்ணே, பாட்டு மாறியது, சரி. ஜனங்கள் எப்போது மாறினார்கள்? 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்த பிறகுதான். அதுவரை வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, தூர்தர்ஷனில் ஒளியும் ஒலியும் பாட்டு நிகழ்ச்சி. டிவி வைத்திருப்பவர் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும், வீட்டம்மாவுக்குக் கோபம் என்றால் அன்றைக்குக் கதவு திறக்காது. கேபிள் வந்ததும் அந்தக் கெஞ்சல் முடிந்தது. மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி கருப்பு வயர். மாதக்காசு தரவில்லை என்றால் கேபிள்காரர் வந்து வயரைப் பிடுங்கிவிடுவார். நாங்கள் பக்கத்து வீட்டு வயரைச் சுரண்டி ஒட்டுப் போடுவோம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும், இருந்தாலும் நகர மாட்டோம்.

ராஜா பக்தன்:
ரசிகரே, 1992 என்றால் ரோஜா மட்டுமா? அந்தத் தீபாவளிக்குத் தேவர் மகன் வந்ததே, அது யார் இசை? ஒரு படம் வந்தவுடன் பழைய கேசட்டை எல்லாம் யாரும் குப்பையில் போட்டுவிடவில்லை.

வியாசர்பாடி கானா:
நீங்கள் மூவரும் நம்ம பக்கம் என்று சொல்லிக்கொண்டு வெளியிலிருந்து வந்ததையே பேசுகிறீர்கள். ரோஜாவுக்கு முன்பே, அதே வருடம் ஜூனில் அண்ணாமலை வந்தது, தேவா இசை. அவர் பிடித்த மெட்டுகள் இங்கே டீக்கடை பெஞ்சில் தட்டிப் பார்த்தாலே வந்துவிடும். 1996-ல் காதல் கோட்டையில் ‘கவலைப்படாதே சகோதரா’ என்று அவரே பாடினார். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானாவின் சாயல் கடைசியில் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. எனக்கு வருத்தம் ஒன்றுதான். சினிமா தாளத்தையும் கிண்டலையும் எடுத்துக்கொண்டது. செத்தவர் பட்ட கடனையும் பாடையையும் பாடுகிற கானாவைத் தொடவே இல்லை.

ராயபுரம் ரசிகன்:
1994-ல் காதலனில் பேட்டை ராப் யார் போட்டது தம்பி? ரகுமான்தானே?

வியாசர்பாடி கானா:
ஆமாம், போட்டார், நானும் ஆடினேன். ஆனால் அதில் நம்ம பேச்சு சிரிக்க வைக்கிற சரக்காகத்தானே வருகிறது? இங்கேயுள்ள பையன்கள் தங்கள் கோபத்தையே மேடையில் பாடி சென்னைக்காரர்கள் உட்கார்ந்து கேட்டது 2018-ல், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு வந்த பிறகு. நடுவில் எத்தனை வருடம் போய்விட்டது, கணக்குப் போடுங்கள்.

ராஜா பக்தன்:
கேபிள்காரரே, ஒரு கேள்வி. உங்கள் வயர் வந்ததால்தான் இங்கே தியேட்டர்கள் காலியாயின. 2020-ல் அகஸ்தியாவையும் மூடிவிட்டார்கள். அது வளர்ச்சியா?

கொருக்குப்பேட்டை கேபிள்:
2020-ல் மூடியதற்கு 1993-ஐக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நடுவில் சிடி, டிவிடி, செல்போன், கொரோனா எல்லாம் வரவில்லையா? கேபிள் வந்து ரெண்டு வருடம் கழித்து, 1995 பொங்கலுக்கு பாட்ஷா வந்தது. வீட்டில் டிவி இருக்கிறதே என்று யாராவது டிக்கெட் எடுக்காமல் இருந்தார்களா? நான் வரிசையில் சட்டைப் பொத்தான் பிய்ந்து நின்றேன். தியேட்டரில் ஒருமுறை பார்த்தோம், அப்புறம் டிவியில் போட்டபோதெல்லாம் பார்த்தோம். வசனம் மனப்பாடம் ஆனது அப்படித்தான்.

ராஜா பக்தன்:
பாட்ஷாவுக்கும் தேவாதான் இசை. கானா தம்பி இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்.