ஆர்பிட்டாலுக்குத் தமிழ்ச்சொல்: 'சுற்று' தவிர்த்து 'வதியம்' எனலாமா?

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களே, வணக்கம்.

ஆர்பிட்டாலுக்குச் (அணுவில் எலக்ட்ரான் எங்கெங்கே காணப்படக்கூடும் என்பதைக் குறிக்கும் கணிதச் சார்புக்குச்) 'சுற்றுமண்டலம்' என்னும் சொல்லை முன்மொழிந்த தங்கள் மடலைக் கண்டேன். ஆர்பிட் என்பதைச் சுற்றுப்பாதை என்று தமிழாக்கிவிட்டு ஆர்பிட்டாலை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவைத்திருப்பதால், மாணவர்கள் இரண்டையும் ஒரே பொருளின் இரு பெயர்களாக எண்ணி மயங்குகின்றனர் என்று தாங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆயினும் 'சுற்று' என்னும் வேரைக் கொண்டு சொல்லாக்கினால், ஆங்கிலத்தில் உள்ள அதே மயக்கத்தை நாம் தமிழிலும் நிலைநிறுத்தியவர்கள் ஆவோம்.

அணுவுக்குள் எலக்ட்ரான் சுற்றுகிறது என்னும் எண்ணம் ரூதர்ஃபோர்டுக்கும் முற்பட்டது. தாம்சனின் 1904ஆம் ஆண்டு மாதிரியைப் பாடநூல்கள் எலக்ட்ரான்கள் ஆங்காங்கே பதிந்த உருண்டையாக வரைகின்றன. அவர் உண்மையில் கணக்கிட்டதோ நேர்மின் கோளத்துக்குள் வளையங்களாகச் சுழலும் எலக்ட்ரான்களை. பின்னர் 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டெனும் உலோகத் தகடுகளின்மேல் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தி, ஏறத்தாழ 8000 துகள்களில் ஒன்று பின்னோக்கித் திரும்பக் கண்டதை வைத்து, ரூதர்ஃபோர்டு 1911இல் அணுக்கருவை நடுவில் நிறுத்தினார். ஆனால் மின்காந்தவியலின்படி சுற்றும் எலக்ட்ரான் இடையறாது ஆற்றலைக் கதிர்வீசி இழந்து, ஒரு நொடியின் ஆயிரங்கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கருவுக்குள் விழுந்திருக்க வேண்டும். கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்து வரும் அளவின் முழுஎண் மடங்காக உள்ள பாதைகளில் மட்டுமே எலக்ட்ரான் கதிர்வீசாமல் இருக்கும் என்று 1913இல் இயற்பியலர் நீல்ஸ் போர் விதித்தது இதனால்தான். ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளுக்கு அவ்விதி வியக்கத்தக்க அளவில் பொருந்தியது, ஹீலியத்துக்குப் பொருந்தவில்லை. சுற்றுப்பாதை என்ற சொல் முழுப்பொருளில் செல்லுபடியாவது இந்த மாதிரி வரையில்தான்.

1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடும், எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் அலைச்சார்பின் வர்க்கத்தை நிகழ்தகவு அடர்த்தியாகக் கொள்ளவேண்டும் என்ற மாக்ஸ் போர்னின் விளக்கமும் வந்தபின், பாதை என்பதற்கே இடமில்லாமல் போயிற்று. நம் விவாதத்தைத் தீர்க்கக்கூடிய செய்தி இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஹைட்ரஜனின் தாழ்நிலையில் (ஆற்றல் மிகக் குறைந்த நிலையில்), கருவிலிருந்து எந்தத் தொலைவில் எலக்ட்ரான் காணப்படும் வாய்ப்பு மிகுதி என்று கணக்கிட்டால் போரின் முதற்பாதையின் ஆரமாகிய அதே 0.529 ஆங்ஸ்ட்ராமே கிடைக்கிறது. ஆனால் போர் ஓர் அலகு என்று கொண்ட கோண உந்தம் இங்கே சுழியம். ஆரம் ஒத்துப்போனாலும் சுற்று என்பது அறவே இல்லை. சுற்றாத ஒன்றைச் சுற்றுமண்டலம் என்று அழைத்துவிட்டு, அது சுற்றவில்லை என்று ஆசிரியர் அரைமணி நேரம் விளக்க வேண்டியிருக்கும்.

ஆர்பிட்டால் என்ற சொல்லை 1932இல் அமெரிக்க அறிவியலர் முல்லிக்கன், ஓர் எலக்ட்ரானுக்குரிய ஆர்பிட்டால் அலைச்சார்பு என்னும் நீண்ட தொடரின் சுருக்கமாகவே புகுத்தினார். பழைய பெயரடை ஒன்று பெயர்ச்சொல்லாகி நின்றதில் பழைய மாதிரியின் நிழலும் சேர்ந்து நின்றுவிட்டது. அந்த நிழலை நாம் சுமக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

ஆகவே, தங்கியிருத்தல் என்னும் பொருளுடைய 'வதி' என்ற வேரிலிருந்து 'வதியம்' என்னும் சொல்லை முன்மொழிகிறேன். வதிவிடம் என்ற சொல் ஈழத்தில் இன்றும் நாள்தோறும் புழங்குவதால் வேர் புதிதன்று. அது பாதையையோ இயக்கத்தையோ சுட்டுவதுமில்லை. எலக்ட்ரான் என்று எழுதுவோருக்கும் இலத்திரன் என்று எழுதுவோருக்கும் ஒருங்கே பயன்படும். எஸ்-வதியம், பி-வதியம், மூலக்கூற்று வதியம், பிணைப்பு வதியம், இனக்கலப்பு வதியம், வதிய மேற்பொருந்துகை என்று தொகைச்சொற்களும் இடறாமல் அமைகின்றன. எலக்ட்ரான் இல்லாத ஆர்பிட்டாலை வெற்று வதியம் எனலாம். முகில் என்று முடியும் சொற்களில் இது இயலாது, எலக்ட்ரானே இல்லாத இடத்தில் எலக்ட்ரான் முகில் ஏது?

ஒரு மறுப்பை நானே எதிர்பார்க்கிறேன். ஆர்பிட்டால் அடிப்படையில் ஒரு சார்பு, இடமன்று; வதியம் என்பதோ இடத்தைச் சுட்டுவதுபோல் ஒலிக்கிறது. வேதியியல் வகுப்பில் இது பெரிய இடர்ப்பாடாகாது, ஏனெனில் அங்கே 90 விழுக்காடு நிகழ்தகவை அடக்கிய எல்லைப்பரப்பைத்தான் ஆர்பிட்டாலின் படமாக வரைகிறார்கள். குவாண்டம் விசையியலில் கணக்கிடும்போது 'வதியச் சார்பு' என்று விரித்துக்கொள்ளலாம்.

எஞ்சியிருப்பது, எலக்ட்ரானின் தற்சுழற்சியையும் சேர்த்து எழுதும் அலைச்சார்புக்கு என்ன பெயர் என்பது. 'தற்சுழல் வதியம்' என்று எழுதிப் பார்த்தேன். வதியமே சுழல்வதாகப் பொருள்படுவதால் மனம் ஒப்பவில்லை. இதற்கு மட்டும் நண்பர்கள் வேறு சொல் தந்தால், முழுத் தொகுதியையும் பட்டியலாக்கிக் குழுமத்தில் இடுகிறேன்.