குமரி மாவட்டத்தில் உங்களுக்கு நடந்த திருட்டு: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

தக்கலை மருமகள்
நகை பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று வீடு வீடாக வருகிற ஆட்கள் மறுபடியும் சுற்றுகிறார்கள் என்று எங்கள் பக்கம் பேச்சு, அதனால் எழுதுகிறேன். மாமி தனியாக இருந்த நேரம் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். முதலில் குத்துவிளக்கு, அப்புறம் கொலுசு, கடைசியில்தான் செயின். மஞ்சள் தண்ணீரில் முக்கி, டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டு, ஆறிய பிறகு திறங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள். நான் வேலை முடிந்து வரும்போது மாமி அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கிறார். "சூடு இன்னும் ஆறல்ல மக்களே" என்றார். திறந்தால் செயின் உள்ளேதான் கிடக்கிறது, ஆனால் கண்ணியெல்லாம் நூலாக மெலிந்துபோய்! எடை போட்டால் பாதிகூட இல்லை. அந்த "சூடு ஆறல்ல" இன்னும் காதில் கேட்கிறது.

கோட்டாறு பட்டறை
தங்கச்சி, அது மஞ்சள் தண்ணீர் இல்லை. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகம். தங்கம் அதில் கரையும். அதன் நிறமும் மஞ்சள்தான் என்பதால், மஞ்சள்பொடி போட்டது என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். கரைந்த தங்கத்தை அவர்கள் பிறகு பிரித்து எடுத்துக்கொள்வார்கள். இப்படி மெலிந்த வளையலோடு என் பட்டறைக்கு ஒரு அம்மா வந்தார். பற்றவைத்துச் சரியாக்க முடியுமா என்று கேட்டார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. யாருக்காவது இப்படி நடந்தால் டப்பாவில் மிச்சம் இருக்கும் தண்ணீரைக் கொட்டாதீர்கள், கையும் வைக்காதீர்கள். போலீசுக்கு அதுதான் சாட்சி.

குலசேகரம் ரப்பர்
எல்லாரும் நகையைப் பற்றியே எழுதுகிறீர்கள். கொடியில் காய்கிற ரப்பர் ஷீட் போனால் அது திருட்டு இல்லையா? ஒட்டுபாலை, அதாவது சிரட்டையில் உறைந்து கிடக்கும் ரப்பர் பாலை, சிரட்டையோடு அள்ளிப் போகிறான், கேட்க ஆள் இல்லை. ஷீட்டை அழுத்தி எடுக்கும் எங்கள் ரோலரில் ஒரு பல் உடைந்திருக்கும், அதனால் எங்கள் ஷீட்டில் எப்போதும் ஒரு இடத்தில் மட்டும் கோடு விழாது. திருட்டுப் போன வாரமே ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்த ஷீட்டுகளில் அந்த இடைவெளியைப் பார்த்தேன். விரலால் தடவிக் காட்டினேன். கடைக்காரர், "எல்லா ஷீட்டும் ஒண்ணுபோலத்தான் அண்ணா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்த்தாண்டம் பஸ்
ரப்பர் அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கடையைப் பார்த்த உடனே போலீசுக்குப் போயிருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்தான், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு. ரோலரில் பெயரின் முதலெழுத்தைக் கொத்தி வையுங்கள், அப்புறம் யாரும் ஒண்ணுபோல என்று சொல்ல முடியாது.

என் கதை சின்னது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் நெரிசலில் ஏறும்போது மேல்பாக்கெட்டில் இருந்த போன் போனது. பின்னால் நின்றவர், "பைய ஏறுங்க" என்று முதுகில் கை வைத்துத் தாங்கினார், அவ்வளவுதான் நினைவு. போன் போனால் முதலில் சிம்மை முடக்குங்கள், அப்புறம் பேங்க். பணம் எடுக்கப்பட்டிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். போன பிறகு போலீஸ் புகாரோடு அதை, தொலைந்த போன்களை முடக்கும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் கொடுத்தால் அந்தக் கருவி எந்த சிம்மிலும் வேலை செய்யாமல் முடக்கலாம். போன் வந்த பெட்டியிலும் அந்த எண் ஒட்டியிருக்கும், பெட்டியைத் தொலைத்தவர்கள் பில்லில் பார்க்கலாம்.

தக்கலை மருமகள்
தண்ணீரை அன்றைக்கே கொட்டிவிட்டோம். மாமி ஸ்டேஷனுக்கு வர மாட்டேன் என்கிறார், நாலு பேர் பார்ப்பார்கள் என்று. அவருக்குப் பதில் நான் புகார் கொடுக்கலாமா?

மார்த்தாண்டம் பஸ்
கொடுக்கலாம். விவரம் தெரிந்த யாரும் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு கொடுக்காமல் கேட்டு வாங்குங்கள். செயினையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள்.