முற்றம் வச்ச வீட்டுக்கு காத்தோட்டத்தை கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு ஓட்டுறேன், ரெசிடுவல் (கணக்குல மிச்சமிருக்கிற பிழை) சரியா இறங்கவே மாட்டேங்குது, யாராச்சும் பாருங்க

வணக்கம் மக்களே, எம்.ஆர்க் தீசிஸுக்கு காரைக்குடி பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு எடுத்திருக்கேன், நடுவுல முற்றம், முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் வாசல் எல்லாம் ஒரே நேர்ல. ஓபன்ஃபோம்ங்கற சாஃப்ட்வேர்ல பாயன்ட் சிம்பிள் ஃபோம் (சூட்டையும் சேத்து நிலையான காத்தோட்டத்தைக் கணக்கு போடுற சால்வர்), கொந்தளிப்புக்கு கே-எப்சிலான் மாடல். முன்வாசல்ல காத்து வேகம் 1.5 மீ/செ, முற்றத்து மேல்திறப்புலயும் பின்வாசல்லயும் ப்ரெஷர் ஸீரோ, அங்க டெம்பரேச்சருக்கு ஸீரோ கிரேடியன்ட் (உள்ள இருக்கிற மதிப்பே எல்லையிலயும்). ரெசிடுவல் கொஞ்சம் இறங்கிட்டு ஆடிக்கிட்டே இருக்கு, முற்றத்துல சூடு ஏறிக்கிட்டே போகுது. மெஷ்ஷை (கணக்குக்காகப் பிரிச்ச குட்டிக் கட்டங்களை) இன்னும் பொடிசாக்கணுமா? கைடு திங்கக்கிழமை காட்டச் சொல்றார்.

பதில்:
மெஷ்ஷை அப்புறம் பாக்கலாம். வாசல்ல 1.5ன்னு நீங்களே குடுத்துட்டா, எவ்வளவு காத்து உள்ள வரும்ங்கற கேள்விக்கு விடையையும் நீங்களே எழுதிட்டீங்க, அப்புறம் சால்வர் எதைக் கண்டுபிடிக்கும்? வாசலும் முற்றமும் வெறும் திறப்பா இருக்கட்டும். பவுண்டரியை (கணக்கு போடுற இடத்தோட எல்லையை) வீட்டுக்கு வெளிய தள்ளுங்க: முன்னாடி, பக்கம், மேல எல்லாம் வீட்டு உயரத்துல 5 மடங்கு, பின்னாடி 15 மடங்கு. இன்லெட்ல தரையில கம்மியா மேல போகப்போக கூடுற வேகம் குடுங்க. அந்த ஊர்ல வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்குமே, அக்கம்பக்கத்து வீட்டையும் சும்மா டப்பாவா வைங்க.

சூடு ஏறுறதுக்கு காரணம் மேல்திறப்புல காத்து திரும்பி உள்ள வருது, ஸீரோ கிரேடியன்ட் போட்டதால வெளிய போன சூடே திரும்ப வருது. டொமைனோட (கணக்கு போடுற மொத்த இடத்தோட) அவுட்லெட்ல இன்லெட்அவுட்லெட்ங்கற கண்டிஷன் போட்டு, உள்ள வர்ற காத்துக்கு வெளி டெம்பரேச்சரைக் குடுங்க.

இன்னொருத்தர்:
மேல சொன்னது சரி, ஆனா அதுக்கப்புறமும் ரெசிடுவல் ஆடலாம் தம்பி, முற்றத்துக்குள்ள காத்து நிஜமாவே ஒரு நிலையில நிக்காது. நேரத்தோட மாறுற ஓட்டத்தைக் கணக்கு போடுற பாயன்ட் பிம்பிளுக்கு மாத்தி சராசரி எடுங்க. காத்தில்லாத கேஸ் ஒண்ணும் ஓட்டி கைக்கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க: திறப்புகளுக்கு நடுவுல உயரம் 5 மீ, உள்ளுக்கும் வெளியிலயும் சூட்டு வித்தியாசம் 3 டிகிரி, வெளிய 30 டிகிரி, எஃபெக்டிவ் பரப்பு 1 சதுர மீ, டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் (திறப்புல ஓட்டம் குறையுறதைக் காட்டுற எண்) 0.6ன்னா செகண்டுக்கு 0.6 கன மீட்டர் கிட்ட வரணும். பத்து மடங்கு தள்ளி வந்தா செட்டப்புல எங்கயோ கோளாறு.

கேட்டவர்:
ரொம்ப தேங்க்ஸ்ணா, சூடு நின்னுடுச்சு. பிம்பிள்ல கூரன்ட் நம்பர் (ஒரு டைம்ஸ்டெப்ல காத்து எத்தனை கட்டம் தாண்டுதுங்கற எண்) மட்டும் ஜன்னல் கம்பிகிட்ட எகிறுது, அதனால டைம்ஸ்டெப் ரொம்பச் சின்னதாகி எறும்பா ஊருது.

பதில்:
கம்பியையுமா வரைஞ்சீங்க?! தூக்கிடுங்க. கம்பி அடைக்கிற அளவுக்கு ஜன்னல் பரப்பைக் குறைச்சா போதும், திறப்புக்குக் குறுக்க ஒரு பத்து மெஷ் செல்லாச்சும் இருக்கான்னு பாத்துக்கோங்க.