பைதான் நிரலை எக்ஸி கோப்பாக்குவதில் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மாமாவின் மளிகைக் கடைக்காக பைதானில் திரைச் சாளரங்கள் அமைக்கும் டிகிண்டர் நூலகத்தைக் கொண்டு எழுதிய பில் போடும் நிரலை, பைதான் இல்லாத கணினியிலும் இயங்கும்படி மாற்றித்தரும் பைஇன்ஸ்டாலர் கருவியின் ‘ஒன்ஃபைல்’ முறையில் ஒரே எக்ஸி கோப்பாக்கினேன். கடைக் கணினியில் பைதான் இல்லை; நிறுவவும் மாமா சம்மதிக்க மாட்டார்.

ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் எல்லாவற்றையும் விரித்த பிறகே நிரல் திறப்பதால் தாமதமாகிறது. பில்லுக்காக வரிசையில் நிற்பவர்களுக்கு அதெல்லாம் புரியுமா? அதைவிட மோசம், வைரஸ் தடுப்பு மென்பொருள் எக்ஸியையே சந்தேகப்பட்டு நீக்கிவிடுகிறது. படங்களையும் எழுத்துருவையும் பைஇன்ஸ்டாலரின் ‘ஆட்-டேட்டா’ கட்டளை மூலம் சேர்த்துவிட்டேன். அதில் சிக்கல் இல்லை.

எல்லாவற்றையும் விரித்தபடியே ஒரு கோப்புறையில் வைக்கும் ‘ஒன்டிர்’ முறைக்கு மாறினால் இரண்டும் தீருமா, அல்லது நுயிட்கா என்ற பைதான் கம்பைலருக்கே போய்விடலாமா? விண்டோஸ் 10, 64 பிட். காசு கொடுத்து, எக்ஸியை வெளியிட்டவர் யாரென்று காட்டும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். மாமா அந்தப் பணத்தில் புதுத் தராசு வாங்கிக்கொள்வார்.