3ப : 5ப – இந்த ‘ப’வுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

இரண்டு அளவுகள் 3 : 5 விகிதத்தில் உள்ளன என்றதும் 3ப, 5ப என்று எழுதிக்கொள்கிறோம். அந்த ‘ப’வைப் ‘பொதுக் காரணி’ என்றால் சரிவராது. கூடுதல் 20 என்றால் 8ப = 20, ப = 2.5. காரணி என்று கேட்ட மாணவர் முழு எண்ணை எதிர்பார்த்து, 2.5ஐத் தவறென்று அழித்துவிடுவார். ‘மாறிலி’ இன்னும் சிக்கல். கணக்கு முழுக்க அதே மதிப்புதான் என்று நம்பவைக்கும்.

வயதுக் கணக்கில் இது வெளிப்படும். இப்போது 3 : 5, ஆறு ஆண்டு கழித்து 2 : 3. பலர் 3ப + 6 = 2ப என்று எழுதி, ப = −6 என்று முட்டி நிற்பார்கள். இரண்டாம் விகிதத்துக்கும் அதே ‘ப’வைப் போட்டதுதான் பிழை. எழுத வேண்டியது (3ப + 6) : (5ப + 6) = 2 : 3. குறுக்கே பெருக்க, 9ப + 18 = 10ப + 12; ப = 6. வயது 18, 30. ஆறு ஆண்டுக்குப் பின் 24, 36. அங்கே ஒரு பங்கு 6 அல்ல, 12.

அதனால் ‘பங்களவு’ என்று முன்மொழிகிறேன்.

*

நீங்கள் சொல்லும் ‘பங்களவு’க்குப் பதில் ‘பொதுப் பெருக்கி’ போதாதா? அது செய்யும் வேலையை நேராகச் சொல்கிறது. வயதையும் வேகத்தையும் யாரும் பங்கு போடுவதில்லையே. முக்கோணத்தின் கோணங்கள் 2 : 3 : 4 என்றால்?

*

கோணத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது: 180 பாகை, 9 பங்கு, பங்களவு 20 பாகை. வேகத்தோடு ஒட்டவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘பெருக்கி’ வெறும் எண்ணாக ஒலிக்கிறது. 3 : 5க்கு அலகு கிடையாது, ஆண்டு, லிட்டர், பாகை எல்லாவற்றையும் சுமப்பது ‘ப’தான்.

தொடர் விகிதத்தையும் பாருங்கள். அ : ஆ = 2 : 3, ஆ : இ = 4 : 5, கூடுதல் 70. இங்கே விகிதத்துக்கு ஒன்றாக இரண்டு பங்களவுகள். முதல் விகிதத்தின் பங்கை நான்காகவும் அடுத்ததன் பங்கை மூன்றாகவும் நறுக்கினால் ஆ இரண்டிலும் 12 பங்காகிறது. 8 : 12 : 15, மொத்தம் 35 பங்கு, பங்களவு 2. விடை 16, 24, 30. ஏன் 4ஆலும் 3ஆலும் பெருக்குகிறோம் என்பதற்கு ‘பங்களவு’ என்ற சொல்லிலேயே விளக்கம் கிடைக்கிறது.

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி எழுதலாம்: பங்களவு – விகிதத்தின் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கி உண்மை அளவைத் தரும், அலகுள்ள மதிப்பு, ஒவ்வொரு விகிதத்துக்கும் தனி. மாற்றுச்சொல்: பொதுப் பெருக்கி.