உழைப்பிடை அழுத்த இறக்கம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்பு நண்பர்களே,

உடல் உழைக்கும்போது ஏற வேண்டிய இரத்த அழுத்தம் இறங்கிவிடுவதை ஆங்கிலத்தில் 'exercise-induced hypotension' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த 'உடற்பயிற்சித் தாழழுத்தம்', 'பயிற்சிவழிக் குறை இரத்த அழுத்தம்' இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இலக்கணத்தில் குறை ஏதும் இல்லை. 'தாழ்', 'குறை' என்ற அடைகள்தாம் இடறுகின்றன.

என் பெரியப்பாவின் டிரெட்மில் சோதனையையே எடுத்துக்கொள்கிறேன். நிற்கும்போது மேல் அழுத்தம் 140. 'புரூஸ் முறை' என்ற சோதனைத் திட்டத்தில் மூன்று நிமிடத்துக்கொருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இரண்டாம் கட்டத்தில் அழுத்தம் 168 ஆனது. மூன்றாம் கட்டத்தில், 14 விழுக்காடு ஏற்றத்தில், 126. நெஞ்சிலும் இறுக்கம். மருத்துவர் உடனே பட்டையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? "லோ பிரஷர்தானாம், மோரில் உப்புப் போட்டுக் குடித்தால் சரியாகிவிடும்." ஆஞ்சியோகிராமில், இதயத் தசைக்கு இரத்தம் தரும் இடது முதன்மைத் தமனியிலேயே அடைப்பு இருந்தது.

126 தாழ்வா? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நல்ல அளவு. உழைப்பு கூடும்போது இதயம் வெளித்தள்ளும் இரத்தமும் கூட வேண்டும், மேல் அழுத்தமும் ஏற வேண்டும். கீழ் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். தசைகளின் குழாய்கள் விரிவதால் சற்றுக் குறையவும் செய்யும். ஏற வேண்டிய நேரத்தில் மேல் அழுத்தம் தொடக்க அளவுக்கும் கீழே 10 புள்ளிக்கு மேல் போனால், இதயத் தசையின் பெரும்பகுதிக்கு இரத்தம் போதவில்லை, இடது கீழறை தளர்கிறது என்று ஐயுற வேண்டும். இதயத் தசைக்கு இரத்தம் தரும் மூன்று முக்கியத் தமனிகளிலும் அடைப்பு, பெருந்தமனி வால்வுச் சுருக்கம், இதயத் தசைத் தடிப்பு நோய் ஆகியவற்றிலும் இது நேரலாம். ஆக, எண்ணைவிட அது போகும் திசைதான் செய்தி. நமக்குத் தேவை ஒரு நிகழ்வைச் சொல்லும் பெயர். 'தாழ்' ஒரு நிலையைத்தான் சொல்கிறது.

(எல்லா இறக்கமும் அடைப்பு அல்ல. உடலில் நீர் வற்றினாலும், சில மாத்திரைகளாலும் இறங்கும். சோதனைக்கு முன் பதற்றத்தில் ஏறியிருந்த அழுத்தம் முதல் கட்டத்தில் சற்றே தணிவதும் உண்டு. கலைச்சொல் நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பதால் 'இதய' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.)

முதலில் 'அழுத்தச் சரிவு' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். பங்குச் சந்தை புண்ணியத்தில் 'சரிவு' எல்லோருக்கும் புரியும். ஆனால் இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள அழுத்த வேறுபாட்டையும் அப்படி எழுதுவோர் உண்டு. வால்வுச் சுருக்கத்தை அளப்பதே அந்த வேறுபாட்டை வைத்துத்தான். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் குழப்பம். 'வீழ்ச்சி' என்றால் ஆளே விழுந்துவிட்டார் போல இருக்கிறது. 'இறக்கம்' போதும், ஏற்றத்தில் நடக்கும்போது நேரும் இறக்கம் என்று விளக்கவும் எளிது.

'பயிற்சி' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. மாடிப்படி ஏறுவதும் குடம் சுமப்பதும் பயிற்சி அல்ல. இதயத்துக்கு அவையும் உழைப்பே. தவிர, பயிற்சி முடிந்து சில மணி நேரம் அழுத்தம் குறைந்திருப்பது வேறு சங்கதி. பெரும்பாலும் தீங்கற்றது, உயர் அழுத்தக்காரர்களுக்கு நன்மையும்கூட. அதைப் 'பயிற்சிப்பின் தணிவு' எனலாம். 'இடை', 'பின்' என்ற வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். 'பயிற்சித் தாழழுத்தம்' என்றால் இது எது, அது எது?

ஆகவே என் முன்மொழிவு: உழைப்பிடை அழுத்த இறக்கம். பேச்சில் 'உழைப்பிடை இறக்கம்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஒரு முள் மட்டும் இன்னும் உறுத்துகிறது. இலங்கை நண்பர்கள் 'அழுத்த'த்தை 'அமுக்கம்' என்று மாற்றிக்கொள்வார்கள், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே 'உழைப்பு' என்றால் சம்பாத்தியம். சம்பளம் குறைந்ததில் பிரஷர் இறங்கிய கதையாகப் படித்துவிடுவார்களோ? 'பளு' என்று மாற்றிப் பார்த்தேன்; பளுதூக்கும் போட்டி நினைவுக்கு வருகிறது. 'முயல்வு' யாருக்கும் புரியாது. யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு நண்பர்கள் மாடியேறி மூச்சு வாங்குவதை எந்தச் சொல்லால் சொல்கிறீர்கள்?