புதுப்பிப்பு: முட்டி வெட்டுற பிரச்சனை தீர்ந்துச்சு

போன வாரம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கற அனிமேஷன் சாஃப்ட்வேர்ல டூயிக்ங்கற டூல் வச்சு ரிக் பண்ண (அதாவது, அசைக்கறதுக்கு எலும்பு, மூட்டெல்லாம் மாட்டின) தாத்தா கேரக்டர் நடக்கறப்ப முட்டி படக்குன்னு வெட்டுதுன்னு புலம்பியிருந்தேன்ல, கண்டுபிடிச்சுட்டேன், தப்பு என் மேலதான். ஐகே, அதாவது பாதத்தை நகர்த்துனா முட்டி தானா மடங்கற செட்டப், என்ன பண்ணுதுன்னா தொடை நீளம், கெண்டைக்கால் நீளம், இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் தூரம், இந்த மூணையும் முக்கோணமா வச்சு முட்டி கோணத்தை கணக்கு போடுது, அதனால பாதம் ரொம்ப தள்ளிப் போய் கால் முழுசா நீண்டுச்சுன்னா கடைசி சில பிக்சல்லயே கோணம் சடார்னு மாறிடும். அதான் வெட்டு. இடுப்பை கொஞ்சம் இறக்குனேன், கால் எப்பவும் லேசா மடங்கியே இருக்கு, இப்ப ஸ்மூத். ரப்பர்ஹோஸ் (கை காலை ரப்பர் குழாய் மாதிரி வளைக்கற இன்னொரு டூல்) போடச் சொன்னவருக்கு: கைக்கு போட்டுப் பார்த்தேன், 1920கள் கார்ட்டூன் மாதிரி குழாயா வளையுது, செம, ஆனா எலும்பும் தோலுமா இருக்கற நம்ம தாத்தாவுக்கு செட் ஆகல.